கோல் வாங்கியவன்

ஏழு வருடமாக நான் தொழில்முறை கோல் கீப்பர். இந்த ஏழு வருடத்தில் ஒரு நிமிடம்கூட ஆட்டத்தில் இறங்கியதில்லை. ஆனால் கோல் மட்டும் நூற்றுக்கு மேல் வாங்கியிருக்கிறேன். கணக்கு உதைக்கிறதே என்று நினைப்பீர்கள். உதைக்கத்தான் செய்யும்.

நம் பக்கம் பந்து வலைக்குள் போனால் இரண்டு விதமாகச் சொல்வோம். 'கோல் விட்டுட்டான்' என்போம், 'கோல் வாங்கிட்டான்' என்றும் சொல்வோம். விட்டவனும் வாங்கியவனும் ஒரே ஆளாக இருந்த காலத்தில் இது வெறும் பேச்சு. அதை இரண்டு ஆளாகப் பிரித்துக் காட்டிய பெருமை எங்கள் கிளப்புக்கு உண்டு. விடுவது முதல் கீப்பர் நிரஞ்சன், வாங்குவது நான்.

கிளப்பின் பெயர் நொய்யல் எஃப்சி. சாக்கடையாகிப்போன ஓர் ஆற்றின் பெயரை வைத்தவன் யாரோ, தெரிந்துதான் வைத்திருக்கிறான். தூத்துக்குடியிலிருந்து பெர்க்மான்ஸ் என்கிற நான் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த முதல் நாளே, கிளப் மருத்துவர் வைதேகி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கோல் வாங்கின கீப்பர் அடுத்த பந்துக்குத் தயங்குவாரு. கண்ணுக்கே தெரியாத தயக்கம். ஆனா அது போதும், அடுத்ததும் உள்ள போயிடும். அதனால அந்த ஞாபகத்தையே எடுத்துடறோம். ஆட்டம் முடிஞ்ச மறுநாள் நிரஞ்சனுக்கு ஸ்கோர் மட்டும் தெரியும். எப்படி விழுந்துச்சுன்னு தெரியாது."

"நல்லதுதான டாக்டர். எடுத்து எங்க போடுவீங்க?"

"அதான் சிக்கல். அழிக்க முடியாது. அழிச்சா பக்கத்துல இருக்கற ஞாபகமும் சேர்ந்து போயிடும். பிடுங்கி இன்னொரு தலையில நடலாம், நாத்து மாதிரி."

"யார் தலையில?"

அவர் சிரித்தார். "கீப்பர் தலையிலதான் வேர் பிடிக்கும். ஒரு டிஃபெண்டருக்கு வச்சுப் பாத்தோம். வாந்தியா எடுத்தாரு, பாவம். அவங்க உடம்புக்கு அந்தப் பழக்கமே இல்ல பாருங்க."

சம்மதித்தேன். முதல் கீப்பருக்கு என்றைக்காவது கையோ காலோ மடங்கும், அன்றைக்கு நான் இறங்குவேன் என்ற நினைப்புதான். மாதா கோயில் திருவிழா டோர்னமென்ட்டில் என்னைத் தாண்டிப் பந்து போகாது என்று ஊரே பேசிய காலம் அது. ஆனால் நிரஞ்சனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வாரமும் பிறந்த குழந்தை மாதிரி புதிதாக வந்து நின்றான். நான்தான் மட்டமாகிக்கொண்டே போனேன். பயிற்சியில் சாதாரண பந்துக்கே கை பின்வாங்கியது. மேனேஜர் ஜெகதீசனிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"ஏனுங் தம்பி, தலை நிறைய கோலை வச்சிட்டு நிக்கிறவனை நான் எப்படிங்க இறக்குறது?" என்றார்.

தலையில் கொட்டியவரே கேட்கிற கேள்வி அது. கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. விடவில்லை.

வாங்குவது எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நெற்றிப் பொட்டில் சளி போல எதையோ குளிரக் குளிரத் தடவுவார்கள். கொஞ்ச நேரத்தில் வாயில் ஒரு இனிப்புச் சுவிங்கத்தின் ருசி வரும். நான் மெல்லாத சுவிங்கம், நிரஞ்சனின் எச்சில். அவனுக்குக் கையுறையை நக்கும் பழக்கம் உண்டு. அந்த ரப்பர் புளிப்பும் நாக்கில் ஏறும். பிறகு பந்து வரும், கை எட்டாது, வலை ஆடும். அதோடு விட்டால் பரவாயில்லை. கோல் விழுந்ததும் அவன் முதலில் பார்ப்பது எந்தக் கேமரா தன் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை. அடுத்து நினைப்பது எந்த டிஃபெண்டர் மேல் பழியைப் போடலாம் என்பதை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வெட்கம் வரும், அதுவும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் மறுநாள் என்னிடம் வந்துவிடும்.

அவனோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டிவியில் சோப்பு விற்றுக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்து ஊரே உருகியது. நான் சேனலை மாற்றினேன்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் பழைய கூட்டாளிகள் விடமாட்டார்கள். "ஏலே பெர்க்கு, டிவில ஒன்னப் பாத்தோம்ல. தண்ணி பாட்டில என்னா அழகா தூக்கிக் குடுக்க!" என்பார்கள். சிரித்துவைப்பேன். கடற்கரையில் அவர்கள் உதைக்கிற பந்துக்கு நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து அவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்தக் கேலியைவிட இந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை.

இப்படியே போயிருக்கும், லோகு விஷயம் நடக்காமலிருந்தால்.

லோகநாதன் சென்னை அணியின் ஃபார்வர்டு. வியாசர்பாடிக்காரன், எல்லோருக்கும் லோகு. எங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டத்தின் முதல் பாதியில் அவன் நிரஞ்சனின் இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைத் தட்டி வலைக்குள் விட்டான். ஆஃப்சைடு என்று கொடி ஏறியது, கோல் இல்லை. ஆனால் லோகு சிரித்துவிட்டான். போகிற போக்கில் நிரஞ்சனின் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டும் போனான். கூட்டம் கொக்கரித்தது. அந்தத் தட்டு கோல் கணக்கில் வராது என்பதால் அதன் ஞாபகத்தை யாரும் எடுக்கவும் மாட்டார்கள். அது நிரஞ்சனிடமே தங்கிவிட்டது.

இரண்டாம் பாதியில் வலது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக உள்ளே வந்தது. லோகு எகிறினான். நிரஞ்சன் ஓடிவந்து எகிறினான். பெஞ்சிலிருந்து நான் பார்த்தது இவ்வளவுதான்: நிரஞ்சனின் முஷ்டி பந்தைக் குத்தி வெளியே தள்ளியது, இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள், ஒருவன் எழுந்தான். நடுவர் ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசினார். லோகு அசையவில்லை. ஆம்புலன்ஸ் உள்ளே வந்தபோது நிரஞ்சன் புல்லில் மண்டியிட்டு அழுதான்.

மறுநாள் வைதேகி கூப்பிட்டார்.

"நேத்து கோலே விழலையே டாக்டர்?"

"கோல் இல்ல, மோதல். தெரியாம நடந்த விபத்து, ஆனா நிரஞ்சன் ஒடஞ்சு போயிட்டாரு. பச்சத் தண்ணி கூட இறங்கலையாம். நீங்க கொஞ்சம் வாங்கிக்கங்க."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தேன்.

சுவிங்கம், ரப்பர், புல் வாசனை. பந்து வலது பக்கமிருந்து வருகிறது. நான் பந்தைப் பார்க்கவில்லை. லோகுவின் கழுத்தைப் பார்க்கிறேன். சிரிக்கிறியா, இப்பச் சிரி, என்று மனதுக்குள் சொல்கிறேன். வலது முட்டியைத் தூக்குகிறேன். கையை நடுவருக்காகப் பந்தின் பக்கம் அனுப்புகிறேன். முட்டியில் ஏதோ மளுக்கென்கிறது. பிறகு ஒரு சந்தோஷம். பெரிய சந்தோஷமெல்லாம் இல்லை. பல்லிடுக்கில் நெடுநேரம் உறுத்திய ஒன்று வெளியே வந்துவிட்டால் இருக்குமே, அந்த அளவு. கேமரா எங்கே என்று பார்த்துவிட்டு அழத் தொடங்குகிறேன்.

எழுந்து அங்கிருந்த குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தேன். அந்த மளுக்குச் சத்தத்துக்காக அல்ல, அந்தச் சந்தோஷத்துக்காக. அது எனக்குள் என்னுடையதாகவே உட்கார்ந்திருந்தது.

"டாக்டர், இது விபத்து இல்ல. அவன் வேணும்னே செஞ்சிருக்கான்."

வைதேகி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இப்ப அது உங்க ஞாபகம். நட்ட இடத்து மண்ணும் அதுல கலந்திருக்கும். உங்களுக்கு நிரஞ்சனைப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

எவ்வளவு சுத்தமாகக் கை கழுவினார் என்று பாருங்கள். அந்த அறையில் எல்லாமே சுத்தம்தான், நானும் அந்தக் கூடையும் தவிர.

நிரஞ்சனைத் தேடிக்கொண்டு போனேன். சட்டையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். அவன் உடற்பயிற்சிக் கூடத்தில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

"மச்சான், அந்தப் பையனுக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே வேலை செய்யலையாமா. நான் மோதித்தான் ஆச்சுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடா. உனக்குத்தான் தெரியும். நான் என்ன பண்ணினேன்? சொல்லுடா."

"முட்டியத் தூக்கி வேணும்னே அவன் கழுத்துல வச்ச."

அவன் முகத்தைப் பார்த்தேன். பயமோ கள்ளத்தனமோ இல்லை. அடிபட்ட நாய்க்குட்டி மாதிரி விழித்தான். "நானா? நான் அப்படிப்பட்டவனா மச்சான்?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். கண்ணில் நீர் வந்தது, அதுவும் உண்மை. செய்தவன் அங்கே இல்லை. அவனைப் பிடுங்கி எனக்குள் நட்டுவிட்டார்கள். காலியான இடத்தில் ஒரு யோக்கியன் நின்று அழுதுகொண்டிருந்தான். அந்தத் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு அப்புறம் கையை எத்தனை தடவை கழுவியும் திருப்தியில்லை.

கால்பந்து சங்கம் விசாரணை வைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. நானாகப் போய்ச் சாட்சி சொல்ல விரும்புவதாகத் தெரிவித்தேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். பாத்தான். தூக்குனான். வச்சான். சின்ன வார்த்தைகள்தான். ஆனால் வாய் ஒவ்வொரு தடவையும் வழுக்கியது. எனக்கு நடந்ததாக, நான் செய்ததாகத்தானே அது உள்ளே இருந்தது. 'பாத்தேன்' என்று 'ஏன்' போட்டு முடிய வேண்டிய வினையைப் பிடித்து இழுத்து 'ஆன்' என்று முடிக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகப் பழகிக்கொண்டேன்.

விசாரணை நாளில் முதலில் நிரஞ்சன். "வேண்டுமென்றே மோதினீர்களா?" என்று கேட்டார்கள். "எனக்கு அப்படி எந்த ஞாபகமும் இல்லைங்க" என்றான். பொய் பார்க்கும் கருவி பச்சை விளக்குக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்?

அடுத்து நான். ஞாபகம் என்னிடம் மாற்றப்பட்டதைச் சொன்னேன். அதை யாரும் மறுக்கவில்லை, சட்டப்படி அனுமதி உள்ள சிகிச்சை என்றார்கள். "சரி, என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

"பந்து வலது பக்கத்துலேர்ந்து வந்துச்சு ஐயா. நான் பந்தப் பாக்கல."

"யார் பார்க்கவில்லை?"

"அவன்... அவன் பாக்கல ஐயா. கழுத்தப் பாத்தான். பாத்து, முட்டியத் தூக்கி..." உள்ளே அந்த மளுக்கென்ற சத்தம் கேட்டது. "வச்சேன்."

"வைத்தது யார்?"

"வச்சேன் ஐயா. வேணும்னேதான் வச்சேன்."

கிளப்பின் வழக்கறிஞர் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே, "இவர் அன்று பெஞ்சில் இருந்ததை மைதானமே பார்த்தது. தான் செய்ததாகச் சொல்கிறார். மாற்றிய நினைவில் வாங்கியவரின் கற்பனையும் கலக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குக் கிடைக்காது" என்றார். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

வெளியே ஜெகதீசன் காத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தோளில் கை போட்டார்.

"தம்பி, நீங்க பேசினது நல்லதாப் போச்சுங்க. இழுத்துட்டே இருந்த விவகாரம், ஒரே நாள்ல முடிஞ்சுது. நிரஞ்சனுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கலாம்னு இருக்கோம். ஞாயித்துக்கிழமை சென்னையில நீங்கதான் இறங்கறீங்க."

என் காதையே நம்ப முடியவில்லை. இப்படியொரு அசிங்கத்துக்குப் பரிசாகவா அது வர வேண்டும்? ஆனால் வந்துவிட்டது. உடம்பு கேட்குமா? முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் நான் நிற்பது கண்முன் வந்தது. அந்தச் சிலிர்ப்பையும் வெறுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "அந்த முட்டியை வச்சிட்டு நீங்க இறங்கக் கூடாது. டாக்டர் சொல்றாங்க, கையும் காலும் அந்த ஞாபகம் சொல்ற மாதிரியே போயிடுமாம். எல்லாத்தையும் உங்க கிட்டிருந்து எடுத்துடறோம். பழைய கோலும் சேர்த்துத்தான். புதுசா ஒரு ரிசர்வ் கீப்பரைச் சேர்த்திருக்கோம், அவர் வாங்கிக்குவாரு. ஞாயிறு மத்தியானம், ஓட்டல்லயே."

அதாவது என் தலை சுத்தமாகும். லோகுவுக்கு என்ன நடந்தது என்பது முகம் தெரியாத ஒருவனிடம் போகும். அவனும் ஒருநாள் இறங்க ஆசைப்படுவான், அவனிடமிருந்து இன்னொருவனிடம் போகும். குழாயில் போகிற சாக்கடை மாதிரி போய்க்கொண்டேயிருக்கும், யார் வீட்டுது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோப்பு விற்கலாம்.

ஞாயிறு காலை சென்னை ஓட்டலிலிருந்து ஆட்டோ பிடித்து வியாசர்பாடிக்குப் போனேன். அது என்னிடம் இருக்கும்போதே சம்பந்தப்பட்டவனிடம் ஒருமுறை சொல்லிவிட வேண்டும், மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம், இதுதான் என் திட்டம்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடி. லோகுவின் மனைவி அமுலு கதவைத் திறந்தாள். உள்ளே ஜன்னலோரம் கட்டிலில் லோகு படுத்திருந்தான். கழுத்துக்குக் கீழே போர்வை அசைவில்லாமல் கிடந்தது. டெட்டால் வாடையும், டெட்டாலால் மறைக்க முடியாத வாடையும் இருந்தன.

"நீ அந்த டீமுல பெஞ்சுல குந்தினு இருப்பியே, அந்த ஆளு தான?" என்றான். "விசாரணைல இன்னாவோ உளறிட்டன்னு பேப்பர்ல போட்டுக்கீறான். உக்காரு."

உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அவனே பேசினான்.

"அவன் வந்தான்பா, போன வாரம். கேமரா, பூச்செண்டு எல்லாம் எட்த்துனு. வந்து அழுதான். நடிப்பு இல்ல, நெஜமாவே அழுதான். நான் அவன் மூஞ்சியவே பாத்துனு இருந்தேன். அந்த மூஞ்சில ஒண்ணுமே இல்லபா. தொடச்சு வச்ச தட்டு மாதிரி கீது. நாலு வார்த்த கேக்கணும்னு எத்தினி நாளா வச்சினு இருந்தேன் தெரியுமா? வாய தொறந்தா வர்ல. அவன பாத்தா எனக்கே பாவமாய்ட்ச்சு."

"விடுய்யா," என்றாள் அமுலு. "தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது."

"உனுக்கு ஆவாது. எனுக்கு ஆவும்." அவனால் தலையைக்கூடத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தான். "பந்து வந்துச்சு, எகிறினேன். அப்பால ஆஸ்பத்திரிதான். தெரியாம பட்டுச்சா, தெரிஞ்சு வச்சானா? வச்சது யாருன்னு ஒருத்தன் வாயால கேக்கணும். அவ்ளோதான்."

ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கு வாய் வழுக்கவில்லை. 'நிரஞ்சன் வேணும்னேதான் வச்சான்' என்ற வாக்கியம் முழுதாக, பிசிறில்லாமல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. விசாரணையில் வராத 'ஆன்' இங்கே தயாராக இருந்தது. சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சொல்லப்போகும்போது அவன் என் முகத்தை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இவனை நிரஞ்சன் பக்கம் கைகாட்டி அனுப்பலாம். அங்கே போனால் ஒரு யோக்கியன் அழுதுகொண்டிருப்பான். இவன் தேடுவது என்னிடம்தான் இருந்தது.

"வேணும்னேதான் வச்சேன்," என்றேன். "பந்தப் பாக்கல, ஒன் கழுத்தத்தான் பாத்தேன். நீ தலையில தட்டினியே, அதுக்குத்தான். நடுவருக்குத் தெரியக் கூடாதுன்னு கையப் பந்து மேல விட்டேன். வச்சதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சி."

அமுலு வாயைப் பொத்திக்கொண்டாள். லோகுவின் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அங்கே எதையோ அவன் கண்டுபிடித்துவிட்டது தெரிந்தது.

"கிட்ட வா," என்றான்.

குனிந்தேன்.

துப்பினான். பலமில்லாத துப்பல், பாதி அவன் தாடையிலேயே வழிந்தது. இன்னும் கிட்ட வா என்று கண்ணாலேயே சொன்னான். போனேன். மறுபடியும் துப்பினான். கெட்ட வார்த்தைகளில் திட்டினான், என்னை, என் அம்மாவை, என் முட்டியை. மூச்சு வாங்கும்வரை திட்டினான். வெளிறிக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியது. எச்சில் என் கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. எத்தனையோ எச்சிலை வாங்கியவன் நான். எனக்கென்றே ஒருவன் துப்பியது அதுதான் முதல் தடவை. குமட்டவில்லை.

அமுலு துண்டை எடுத்துவந்து அவன் வாயை மட்டும் துடைத்துவிட்டாள். என்னைப் பார்க்கவேயில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வைதேகி. புது ஆள் வந்து உட்கார்ந்திருப்பான், பொட்டில் தடவுவதற்கு எல்லாம் எடுத்துவைத்திருப்பார்கள். சாயங்கால ஆட்டத்துக்கு மைதானத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் என் இடம் காத்துக்கொண்டிருந்தது.

லோகு கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து எழுந்தேன்.

"நாளிக்கும் வருவியா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

மத்தியானம் ஓட்டலுக்குப் போனால் நாளைக்குக் கொண்டுவர என்னிடம் ஒன்றும் இருக்காது. துடைத்துவைத்த இன்னொரு முகம்தான் இவன் எதிரில் வந்து உட்காரும். போன் மறுபடியும் அதிர்ந்தது. வெளியே எடுத்து அணைத்தேன்.

"வாரேன்," என்றேன்.

அமுலு கதவுவரை வந்தாள்.

"பத்து மணிக்கு மேல வாங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி நர்ஸம்மா இருப்பாங்க."